கழுவிய கரி

மார்ச் 2

அன்புள்ள மருமகளுக்கு, மாமா எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ வெளியூர் போவாய், திறந்தவெளிக் கடையில் கரி நெருப்பில் கறி சுடும் வேலையில் சேருவாய், எட்டே மாதத்தில் பெயர் எடுப்பாய் என்று உன் அம்மாவிடம் அடித்துச் சொன்னவன் நான். வேண்டுமானால் கேட்டுப் பார். அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை என்பாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஞாபக சக்தி கொஞ்சம் கம்மி.

போனில் பேசலாம் என்றால், என் எண்ணைக் கண்டாலே உன் போன் மூச்சை நிறுத்திக்கொள்கிறது. பழுது போலிருக்கிறது, கடையில் கொடுத்துப் பார். அதுவரை கடிதம்.

நான் நலம். உன் அத்தையும் நலம். அவள் இப்போது அவளுடைய அண்ணன் வீட்டில் ஓய்வெடுக்கிறாள். நான்தான் அனுப்பி வைத்தேன். "உழைச்சு உழைச்சுத் துரும்பாயிட்ட, போயி நாலு நாள் இருந்துட்டு வா"ன்னு வற்புறுத்தினேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. ஓய்வு என்று எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும் அல்லவா.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் ஒரு விருந்து. நான் கோழி சுடப் போகிறேன், கொஞ்சம் புகையும் காட்டப் போகிறேன். அந்த அண்ணன், அதாவது என் மச்சான், உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர்தான் தெரியுமே, தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம். யாராவது தீக்குச்சி கிழித்தாலே கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷன். அவர் கண் முன்னால் நெருப்பு வைக்க வேறு ஒருவனுக்குத் தைரியம் வருமா?

எனக்கு இதெல்லாம் கைவந்த கலை. கப்பலில் இருந்த காலத்தில் நான் சுட்ட கோழியைத் தின்றுவிட்டுக் கேப்டன் மூன்று நாள் கப்பலைத் திருப்ப மறந்துபோனார். ஆனால் உனக்கு அங்கே ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா என்று எனக்கு ஒரே கவலை. அதனால் சில கேள்விகள் அனுப்புகிறேன். பரீட்சை என்று வைத்துக்கொள்.

கரியைப் பற்ற வைப்பது எப்படி? பற்றிய கரி பத்தே நிமிஷத்தில் அணைந்தால் காரணம் என்ன? கோழி வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் குற்றம் கோழி மேலா, கரி மேலா? போர்வையில் ஏறிய புகை நாற்றம் எத்தனை துவைப்பில் போகும்?

சீக்கிரம் பதில் எழுது. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

உன் தாய்மாமன்


மார்ச் 7

மாமாவுக்கு,

என் போன் பழுதில்லை. உங்கள் எண்ணை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் எல்லோரும் நின்றோம். அம்மா அழுதுகொண்டிருந்தார். நீங்கள் சத்தமாக, "அடுப்பு ஊதப் போறதுக்கு ஒரு பட்டம் வேறயா? ஊதுகுழல் பட்டம் எந்தக் காலேஜ்ல குடுக்குறாங்க?" என்றீர்கள். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துனர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். அப்போதே சொன்னவர் என்றால் இதைத்தான் சொன்னீர்கள்.

அத்தையிடம் நேற்று பேசினேன். ஒரு மணி நேரம். அதில் அரை மணி நேரம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம், அதனால் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதனால்தான் இந்தப் பதில்.

கரியைக் கழுவினீர்களாமே மாமா.

அழுக்காக இருக்கிறது என்று ஒரு சாக்குக் கரியையும் வாளியில் கொட்டி, சோப்புப் போட்டு, மூன்று தண்ணீர் அலசி, மொட்டை மாடிக் கொடியில் போர்வை காய்கிற இடத்துக்குக் கீழேயே வெயிலில் பரப்பினீர்களாம். காயும் முன்னால் பற்றவும் வைத்தீர்களாம். நாலு மாடி வீடுகளின் போர்வைகளும் புகையில் மறைந்து, எதிர் வீட்டுக்காரர் போன் செய்து, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்ததாம். இறங்கியது யார் என்று பார்த்தால் உங்கள் மச்சான். தலைக்கவசத்தோடு.

அப்போது அத்தை உங்களைப் பார்த்து, "இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாராம். நீங்கள் தண்ணீர்க் குழாய் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போதே, சொட்டச் சொட்ட நனைந்தபடி, "தெரியும்" என்றீர்களாம். அத்தை உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து தீயணைப்பு வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். ஓய்வாம். நீங்கள் வற்புறுத்தினீர்களாம்.

அத்தை என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருபத்தாறு வருஷமா இந்த மனுஷனுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லடி. குழாய் ரிப்பேர் தெரியும், குடும்பச் சட்டம் தெரியும், என் வயித்துவலிக்கு டாக்டரைவிட நல்லாத் தெரியும். ஒரே ஒரு தடவை 'எனக்குத் தெரியாது'ன்னு அந்த வாய் சொல்லட்டும். அன்னைக்கு வரேன். கோழிக்காக வரல, அந்த வார்த்தைக்காக."

விருந்துக்கு வருவது மட்டும்தான் உறுதி. சாப்பிட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிடுவதாக இருக்கிறார். பெட்டி வருமா வராதா என்பது உங்கள் கையில்.

கப்பல் கதையையும் விசாரித்தேன். நீங்கள் கப்பலைப் பார்த்தது, வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனை ஸ்டோரில் மாட்டியிருக்கும் காலண்டரில்தானாம்.

நான் சொல்லித் தருகிறேன். ஒரு நிபந்தனை. உங்கள் அடுத்த கடிதத்தில் முதல் வரியாக "எனக்குத் தெரியாது" என்று எழுத வேண்டும். எழுதினால் பாடம்.

மருமகள்


மார்ச் 11

வாயாடிக்கு,

நிபந்தனை போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். நல்லது. வளர்த்தவர்களில் நானும் ஒருவன், அதனால் பெருமைதான்.

முதலில் நீ கேள்விப்பட்டதைத் திருத்த வேண்டியிருக்கிறது. நான் சோப்புப் போடவில்லை. சோப்புத் தூள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பதினெட்டு வருஷமாகப் பேருந்துப் பணிமனை ஸ்டோரில் பொறுப்பில் இருக்கிறேன். என் அலமாரியில் ஒரு நட்டை எடுத்துப் பார், மூக்குத்திக்குப் போடலாம், அவ்வளவு சுத்தம். அப்படிப்பட்டவன் தின்கிற பண்டத்துக்கு அடியில் கரியை அழுக்கோடு வைப்பானா? நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அன்றைக்கு நான் அதையே பொய்யாக்கிக் காட்டினேன், நெருப்பே இல்லாமல் மூன்று மணி நேரம் புகைத்தேன். இதைச் செய்தவன் இந்த வட்டாரத்தில் வேறு யார்?

மச்சான் குழாயைப் பீய்ச்சினதும் தேவையில்லாத வேலை. அணைந்த கரியை அணைப்பதற்கு நாலு பேர், ஒரு வண்டி.

பேருந்து நிலையத்தில் நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருக்கலாம். உன் அம்மா அழுதுகொண்டிருந்தாள், சிரிக்க வைக்கப் பார்த்தேன். நடத்துனர்தான் சிரித்தார். என்ன செய்ய.

உன் நிபந்தனைப்படியே எழுதுகிறேன்: எனக்குத் தெரிந்தது தற்சமயம் நினைவில் இல்லை.

இது போதும் என்று நினைக்கிறேன். பாடத்தை அனுப்பு.

இதற்கிடையில் அடுப்புக்கு நானே வழி செய்துவிட்டேன். பணிமனையில் கழித்துப் போட்ட எஞ்சின் ஆயில் டிரம் ஒன்றை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, நெடுக்காக இரண்டாக வெட்டி, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டாயிற்று. பார்த்தால் தொட்டில் மாதிரி இருக்கிறது. மேல்பாதி மூடி. வெல்டர் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல சமைக்கப் போறீங்களா, இல்ல பஸ்ஸுல மாட்டப் போறீங்களா?" என்று கேட்டான். பொறாமை.

உன் தாய்மாமன்


மார்ச் 15

மாமாவுக்கு,

"நினைவில் இல்லை" என்பது தெரியாது ஆகாது. ஆனாலும் ஸ்டோர்க்காரர் அரை அங்குலம் இறங்கி வந்திருக்கிறார் என்பதற்காக அரைப் பாடம்.

கரியைக் கழுவக் கூடாது. அது எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. சாக்கை வீட்டுக்குள்ளேயே வையுங்கள், பனி படாமல்.

ஒரு பெரிய தகர டப்பா எடுத்து இரண்டு பக்கமும் திறந்து, அடியில் கம்பி கட்டி, சுற்றிலும் ஆணியால் ஓட்டை போடுங்கள். கம்பிக்குக் கீழே கசக்கிய காகிதம், மேலே கரி. காகிதத்தில் மட்டும் தீ வையுங்கள். காற்று கீழேயிருந்து மேலே இழுத்துக்கொள்ளும். ஊத வேண்டாம், விசிற வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றவே வேண்டாம். இருபது நிமிஷம் கழித்து மேல் கரியிலும் வெள்ளைச் சாம்பல் பூத்திருக்கும். அப்போதுதான் அடுப்பில் கொட்ட வேண்டும். அந்த இருபது நிமிஷமும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலிலேயே உங்களுக்குக் கஷ்டமான பகுதி இதுதான்.

அந்த டிரம்மைத் தூக்கிப் போடுங்கள். எஞ்சின் ஆயில் இருந்த எதிலும் சமைக்கக் கூடாது. புது இரும்புத் தகடு வாங்கி, கேலி செய்த அந்த வெல்டரிடமே கொடுங்கள். பெயிண்ட் பூசாத தகடு.

நீங்கள் எங்கள் தலைமைச் சமையல்காரரிடம் இருந்தால் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டீர்கள். அந்த அம்மா பேசுவதே இல்லை. இடுக்கியால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் திருப்பு, இரண்டு தட்டு என்றால் தள்ளி நில்.

மீதிப் பாடம் மீதி வரிக்கு.

மருமகள்


மார்ச் 18

மருமகளே,

டிரம்மைத் தூக்கிப் போடவில்லை. நல்ல டிரம். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன், சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன், கடைசியில் ஒரு நம்பிக்கைக்காக மண்ணெண்ணெயிலும் துடைத்தேன். பணிமனைக்குப் பின்னாலேயே பற்ற வைத்தேன், நீ சொன்ன டப்பா வேலை செய்தது. உண்மையிலேயே செய்தது. கரி பூத்து நின்றதைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது, அது புகையினால் இல்லை. பிறகு கோழியை வைத்து மூடினேன்.

அதை எப்படிச் சொல்ல. வாயில் வைத்ததும் பேருந்து ருசி. ஏறி உட்கார்ந்து விசிலடித்தால் ஓடியிருக்கும் அந்தக் கோழி. பணிமனைப் பூனைக்கு ஒரு துண்டு போட்டேன். அது மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடியது. பதினெட்டு வருஷத்தில் அந்தப் பூனை என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தேன். சோறு வடிக்கவில்லை. ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டேன். உன் அத்தை மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வேறு ஒன்று அண்ணன் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். இது சமையலறை ஜன்னலில் அப்படியே இருக்கிறது. இங்கே எது எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பருப்பு டப்பா என்று நினைத்துத் திறந்தால் பொத்தான். தனியாக இருந்தால் வீடு என்னமாய்ச் சத்தம் போடுகிறது. குளிர்ப்பெட்டி இருமுகிறது.

மச்சானுக்குப் போன் செய்தேன், விருந்தைத் தள்ளி வைக்கலாமா என்று. "ஏன் மாப்பிள்ளை, கரி இன்னும் காயலயா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். உன் அத்தையின் சிரிப்புதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. போனை வைக்க மனசு வரவில்லை.

சரி. எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாது.

எழுதிவிட்டேன். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன், இருந்தாலும் எழுதியது எழுதியதுதான். நடுவில் எழுதினேனே தவிர முதல் வரியாக எழுதவில்லை என்று குறை சொல்லாதே. கடைசி ஞாயிறுக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

புதுத் தகட்டுக்குச் சொல்லியாயிற்று. வெல்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "நீயே சொல்லுப்பா" என்றேன். அவன் பயந்துபோய், "அண்ணே, உடம்புக்கு ஏதாவதா?" என்றான்.

உன் மாமா


மார்ச் 22

அன்புள்ள மாமா,

பென்சில் செல்லும். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன், ஆனால் கூப்பிட வேண்டாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். கடிதத்தில்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

முழுப் பாடம்.

முந்தின நாளே கோழித் தொடையில் உப்புத் தடவி மூடி வையுங்கள். கரி பூத்ததும் எல்லாவற்றையும் அடுப்பின் ஒரே பக்கத்தில் கொட்டுங்கள். மறுபக்கம் காலி. ஒரு பக்கம் அனல், ஒரு பக்கம் நிழல். கோழிக்கு நிழல்தான் வீடு. அங்கே மூடி போட்டு மெதுவாக வெந்த பிறகு, கடைசியில் அனல் பக்கம் நகர்த்தி நிறம் ஏற்றுங்கள். முதலிலேயே நெருப்பு மேல் வைத்தால்தான், நீங்கள் பரீட்சையில் கேட்ட மாதிரி, வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். குற்றம் கோழி மேலும் இல்லை, கரி மேலும் இல்லை.

சூடு பார்க்க உள்ளங்கையைக் கம்பிக்கு ஒரு சாண் மேலே பிடித்து எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் கை தானாகத் திரும்பி வந்தால் அனல் பக்கம் சரி. ஏழு வரை தாங்கினால் நிழல் பக்கம் சரி. வேகமாக எண்ணி ஏமாற்றக் கூடாது.

அடியில் ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒன்று. அடித்துளை திறந்தால் சூடு ஏறும், சிறிதாக்கினால் இறங்கும். மேல்துளையை மட்டும் மூடவே கூடாது. புகை உள்ளே வந்துவிட்டு வெளியே போக வேண்டும், தங்கினால் கசக்கும். புகை வாசனைக்குக் கரி மேல் காய்ந்த பழ மரக்கட்டை ஒரு துண்டு போதும். பெயிண்ட், பசை, பால் வடிகிற மரம் எதுவும் வேண்டாம். கெட்டியாக வெள்ளைப் புகை வந்தால் பொறுங்கள். மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி நீலமாக வந்த பிறகு கோழியை வையுங்கள். வைத்த பின் மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. எலும்பை ஒட்டிக் கீறினால் வடிகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும், சதையில் சிவப்பு இருக்கக் கூடாது. எடுத்ததும் வெட்ட வேண்டாம். பத்து நிமிஷம் தட்டில் இருக்கட்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டுக்குப் போய்விடும்.

இன்னொன்று. இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் எட்டு மாதத்தில் பெயரெல்லாம் எடுக்கவில்லை. சேர்ந்த இரண்டாவது வாரம் தலைமைச் சமையல்காரர், "கம்பியப் பாத்துக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். நாற்பது தொடை. அத்தனையும் கரி. அதை முட்டைக்கோஸ் தழைக்கு அடியில் ஒளித்து வைத்தேன், புகை தழை வழியாக வந்து காட்டிக் கொடுத்தது. அவர் முதல்முறையாக இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினார். "தெரியலன்னா பத்து நிமிஷத்துல சொல்லித் தந்திருப்பேன், தெரியும்னு சொன்னியே, இனி எட்டு மாசம் ஆகும்." அன்றிலிருந்து கரி பற்ற வைப்பது மட்டும்தான் என் வேலை. அதனால்தான் கரியைப் பற்றி இவ்வளவு தெரிகிறது.

அந்த "தெரியும்" என் வாயில் எங்கிருந்து வந்தது என்று நிறைய யோசித்தேன். அம்மா அப்படி இல்லை. அப்பாவும் இல்லை. ரத்தம், மாமா. தாய்மாமன் வழி.

பென்சிலில் எனக்கு எழுதிவிட்டீர்கள். ஆனால் அத்தைக்குக் காதால் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோழியைவிட அதுதான் முக்கியம். சொல்லிவிடுங்கள்.

மருமகள்


மார்ச் 31

என் அருமை மருமகளுக்கு,

விருந்தென்றால் இது விருந்து. இருநூறு பேர் இருப்பார்கள். சரி, எங்கள் குடியிருப்பில் இருப்பதே பதினாறு வீடு, இருபது பேர் என்று வைத்துக்கொள்.

சனிக்கிழமையே வீடு வீடாகப் போய், "நாளைக்கு மாடியில துணி போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் வீட்டு அம்மா, "துணிய மட்டும் எடுத்தாப் போதுமா, நாங்களும் எங்கயாவது போயிடட்டுமா?" என்றாள். சிரித்துக்கொண்டேன்.

மச்சான் வந்தார். கையில் இரண்டு வாளி மணல், தோளில் தீயணைக்கிற சிவப்பு உருளை. மாடிப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, உருளையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உன் அத்தை அவர் பக்கத்தில். கையில் பெட்டி இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

டப்பாவில் தீ வைத்தேன். இருபது நிமிஷம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன், தன்னால் எழுந்து விசிறப் போகும் என்று. கரி பூத்தது. ஒரு பக்கம் கொட்டினேன். அனல் பக்கம் நாலு எண்ணினேன், நிழல் பக்கம் ஏழு எண்ணினேன். வெள்ளைப் புகை வந்ததும் மச்சான் எழுந்து நின்றார். "பொறுங்க மச்சான், இது போகும்" என்றேன். போயிற்று. மெலிந்து நீலமாயிற்று. அவர் நின்றபடியே ஐந்து நிமிஷம் அதைப் பார்த்தார். "முப்பது வருஷத்துல எத்தனையோ புகை பாத்திருக்கேன், இப்படி ஒரு யோக்கியமான புகையப் பாத்ததில்ல" என்று சொல்லி, உருளையைக் கீழே வைத்தார். இது சத்தியம்.

தொடை வெந்தது. கீறிப் பார்த்தேன், தெளிவு. தட்டில் எடுத்து வைத்து, "பத்து நிமிஷம் யாரும் தொடக் கூடாது" என்றேன். இருபது பேரும் தட்டோடு நிற்கிறார்கள். வாசனை தெருமுனை வரை. உன் அத்தை எழுந்து வந்தாள். "ஏன் உடனே வெட்டக் கூடாது?" என்று கேட்டாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். எல்லோரையும் பார்த்தேன். "எனக்குத் தெரியாதும்மா. எனக்குக் கரி பத்த வைக்கவே தெரியாது. இருபத்தாறு வருஷமா உனக்கு முன்னால தெரியும் தெரியும்னு சொன்னதுல பாதி தெரியாதது. இதெல்லாம் என் மருமக சொல்லித் தந்தது" என்று கணீரென்று சொன்னேன். மாடியே கை தட்டியது. மச்சான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். இப்போது சமையலறையில் பொத்தான் டப்பாவையும் பருப்பு டப்பாவையும் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெட்டி வந்தது உண்மை. இதோ கூடத்தில் இருக்கிறது.

உன் தலைமைச் சமையல்காரரிடம் போய், "எனக்குத் தெரியாது, சொல்லித் தாங்க" என்று கேள். எட்டு மாதம் முடிந்துவிட்டது, கேட்டால் தருவார். உனக்கு நான் சொல்லித் தரக்கூடியது இது ஒன்றுதான்.

கடிதத்தை ஒட்டப் போனேன். ஒட்டவில்லை. நீ அவளிடம் பேசினால் எப்படியும் தெரிந்துவிடும், அதனால் எழுதுகிறேன். இல்லை, அதனால் மட்டும் இல்லை.

நான் அந்தப் பேச்சைப் பேசவில்லை. அது முழுக்க என் கைச்சரக்கு. அவள் கேட்டதும் வாயைத் திறந்தேன், "கப்பல்ல இருந்தப்ப" என்றுதான் வந்தது. அதோடு நின்றுவிட்டது. இருபது பேர் பார்க்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை, ரத்தம் தாய்மாமன் வழி என்கிற இடம் வரைக்கும், மெதுவாக வாசித்தாள். மடித்தாள். "அப்ப உங்களுக்குத் தெரியாது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாரும் கை தட்டவில்லை. அவள் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்து, "பத்து நிமிஷம் ஆயிருச்சு, வெட்டுங்க" என்றாள்.

மாமா